பாதி கறுத்த வட்டம்

பதினாலாவது கேள்வியில் கலாமணியின் பேனா நின்றது. ஒடுங்கு பண்பு மரபுநோய் ஒன்றைக் கால்வழி வரைபடத்துடன் விளக்குக, பத்து மதிப்பெண். கேள்வித்தாள் தயாரித்த மகராசன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ, இன்றைக்கென்று பார்த்து இதைக் கேட்டு வைத்திருக்கிறான். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. பத்து நாற்பது என்றால் பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருக்கும், பாவாத்தா அத்தை அரக்குப் பட்டில் முன்வரிசை நாற்காலியை நிறைத்து உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் வா கண்ணு வா கண்ணு என்று கன்னம் வழித்துக்கொண்டிருப்பாள். உப்புச்சக்கரை மாற்றுவது பதினொன்றரைக்குள். பன்னிரண்டுக்கு எமகண்டம், அத்தை ஒரு நிமிஷம் தள்ள விடமாட்டாள். உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான், அதற்கப்புறம் வார்த்தையைத் திருப்பி வாங்கிய குடும்பம் அந்தப் பக்கத்தில் கிடையாது. மாறட்டும், நன்றாக மாறட்டும், ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை சர்க்கரையும் மாறட்டும் என்று நினைத்துக்கொண்டாள் கலாமணி. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மின்வாரியத்துக்காரர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார், அந்த ஆட்டம் பலகை வழியாக வந்து இவள் முழங்கையில் ஏறியது. விசிறி சுற்றுகிறேன் பேர்வழி என்று முனகிக்கொண்டிருந்தது. கரூரில் வைகாசி வெயில் பத்து மணிக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்துவிடும். நாற்பது பேர் எழுதுகிற அறையில் நாற்பத்தேழு வயதில் இவள் ஒருத்திதான் சேலை கட்டி வந்தவள். விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு, தபால் வழி, செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும் என்கிற தாள். இதில் தேறிவிட்டால் பட்டம்.

அந்த மண்டபத்தில் இன்றைக்குப் பேசி முடிக்கப்படுகிற பெண் மிருதுளா, கலாமணியின் புருஷன் நாச்சிமுத்துவுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவள். புருஷன் என்றுதான் இன்னும் நினைப்பில் வருகிறது, இருபத்தொரு வருஷம் ஆகியும், இந்த மனசுக்கு வெட்கம் என்பதே கிடையாது. மாப்பிள்ளை கௌதம், நாச்சிமுத்துவின் தங்கச்சி பையன். ஆக இரண்டு பேருக்கும் பாவாத்தாதான் பாட்டி. சொந்தத்துக்குள் முடிச்சுப் போடுவதில் அத்தைக்கு அப்படி ஒரு ஆசை. கலாமணியையும் அப்படித்தான் கொண்டுபோனாள், கூடப்பிறந்த அண்ணன் மகள், பதினெட்டு வயசு, பத்தாவதில் கணக்கில் தவறி வீட்டில் இருந்தவள். "எங்கண்ணன் ரத்தம் வெளிய போகக் கூடாது" என்று தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன அத்தை. பெருமையாகத்தான் இருந்தது அன்றைக்கு, தன் ரத்தத்துக்கு இத்தனை கிராக்கியா என்று. அப்புறம் தரணி பிறந்தான். ஒரு வயசு வரைக்கும் ஒரு குறையும் இல்லை, தெருவே தூக்கிவைத்துக் கொஞ்சியது. இரண்டாம் வயசில் விரல்கள் விரியாமல் மடங்கி நின்றன. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, தலை கனத்தது, கண்ணில் மங்கலாய் ஏதோ படிந்தது, பகலில் தூங்கும்போதுகூட அறுக்கிற மாதிரி மூச்சு. அந்த விரல்களை எண்ணெய் போட்டு நீவி நீவி விரிப்பாள், கையை விட்டதும் மடங்கிக்கொள்ளும். இப்போதும் பேனாவைப் பிடித்திருக்கிற கட்டைவிரல் தன்னையறியாமல் மற்ற விரல்களை நீவிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இருபது நிமிஷம் பேசினார், பாதி இங்கிலீஷ், பாதி அவருக்கு வந்த தமிழ், எல்லாம் நாச்சிமுத்துவைப் பார்த்தே. ஒரு தாளில் கட்டமும் வட்டமுமாகப் போட்டார். ஒரு கட்டத்துக்கும் ஒரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அதன்மேலேயே இன்னொரு கோடு போட்டு, அப்போது மட்டும் கலாமணியை நிமிர்ந்து பார்த்தார். நாச்சிமுத்து தலையாட்டினான், புரிந்தவன் ஆட்டுகிற ஆட்டம். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

என்னங்க சொன்னாரு என்று பஸ்ஸில் மூன்று முறை கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அவனும் அத்தையும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், வெளியே வந்த அத்தை சொன்னாள். "உன்ற ரத்தத்துல கோளாறாமா. உங்கம்மா துறையூர்க்காரிதான, அந்த ஊர்த் தண்ணி அப்படி. எங்க பக்கத்துல இப்படி ஒண்ணு உண்டா?" டாக்டர் என்னமோ படமெல்லாம் போட்டாரே அத்தை என்றதற்கு, "படிக்காதவளுக்கு அதெல்லாம் சொன்னா எங்க புரியப் போவுது, போய்ப் பையனைப் பாரு" என்றாள். அத்தை படித்தது என்னவோ மூன்றாம் வகுப்பு. நாச்சிமுத்து அங்கேதான் நின்றான், சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது, மடிப்பு துணி வழியாகத் தெரிந்தது. ஆறாம் வயசில் தரணி போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கலாமணியை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், கெட்ட ரத்தம் வீட்டில் எதற்கு என்று. நாலே மாதத்தில் சுமதி என்று திருச்செங்கோட்டுப் பெண். இதையெல்லாம் கலாமணி நம்பினாள், அதுதான் வயிறு எரிகிறது. பத்து வருஷம் நம்பினாள். விரலில் முள் குத்தி ரத்தம் வந்தால் அருவருப்போடு பார்த்தாள். அண்ணன் பிள்ளைகளுக்கு வெட்டுக்காயம் என்றால் தொடமாட்டாள், தன் கையில் இருப்பது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தாள். அம்மாகூடச் சாகும்வரை எங்க ஊர்த் தண்ணியா கண்ணு, நெசமாவா என்று கேட்டுக்கொண்டே செத்தாள்.

கொசுவலையும் படுக்கை விரிப்பும் நெய்கிற ஊரில் வேலைக்கா பஞ்சம். ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தாள், விளக்கு வைத்த மேசைமேல் துணியை ஓடவிட்டு, இழை விட்டுப்போன இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அங்கே ஒரு சூப்பர்வைசர் பத்தாவது முடித்தால் சம்பளம் கூட்டலாம் என்றதால் பத்தாவது எழுதினாள், அந்த வேகத்திலேயே பன்னிரண்டும். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள், கட்டமும் வட்டமும். கட்டம் ஆண், வட்டம் பெண், கறுத்தது நோயாளி, பாதி கறுத்தது கடத்தி, அதாவது நோயில்லாமல் நோயைச் சுமக்கிறவர். இரட்டைக் கோடு என்றால் சொந்தத்தில் கல்யாணம். அந்தப் பக்கத்துக்குமேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை, கம்பெனிக் கழிவறையில் போய்க் கதவைப் போட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் கடைவாய் இரண்டு நாள் வலித்தது. பிறகுதான் இந்தப் பட்டப்படிப்பு. அறிவுத் தாகம், ஞானத் தேடல் என்று தொடர்பு மையத்தில் ஒரு ஆசிரியை இவளை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னபோது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். தாகமாவது மண்ணாவது. ஒரு கிழவியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கப் பாஷை வேண்டும், அந்தப் பாஷையைப் படிக்க வந்தாள். ஆனால் படிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு ஊர் இருக்குமென்று யார் கண்டது. கன்னத்தைக் குச்சியால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நீலச் சொட்டு விட்டு, இதுதாம்மா உங்க செல் என்று காட்டினார்கள். நாற்பத்துமூன்று வயதில் கலாமணி தன்னைப் பார்த்தாள், ஓரம் மடங்கின ஒரு துண்டு, நடுவில் ஒரு நீலப் பொட்டு. கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அந்தப் பொட்டுக்குள் எழுத்து, வெளியே அதை மூன்று மூன்றாகப் படிக்கிற ரைபோசோம், படித்துப் படித்து மணி கோக்கிற மாதிரி கோக்கிற புரதம். இவள் தூங்கும்போதும், அழும்போதும், அத்தையைச் சபிக்கும்போதும் ஒரு நொடி நிற்காமல் கோத்துக்கொண்டே இருக்கிறதாம். ராத்திரி ஷிப்ட்டுக்குக் கூலி கேட்காத வேலைக்காரர்கள். அதைப் படித்த அன்றைக்குத் தன் முழங்கையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள், மரியாதையாக இருந்தது. பிறகு லைசோசோம் வந்தது. செல்லுக்குள் குப்பை அரைக்கிற பை. அரைப்பதற்கு நொதி. நொதியும் ஒரு கோத்த மணிதான், ஒரு எழுத்து பிசகினால் மணி மாறும், மணி மாறினால் நொதி வேலை செய்யாது, குப்பை அரையாது, அப்படியே தேங்கும், கல்லீரலில், எலும்பில், கண்ணில், விரல் கணுவில். தரணியின் மடங்கின விரலுக்குள் இருந்தது அதுதான். அவள் நீவினது அந்தக் குப்பையை. ஒரு இழை விட்டிருக்கிறது, அவ்வளவுதான், அம்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்லை. ஒருவரிடம் மட்டும் விட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, இன்னொரு பிரதியை வைத்துச் செல் சமாளித்துக்கொள்ளும். அப்பனும் ஆத்தாளும் ஒரே பிசகைக் கொடுத்தால்தான் வினை, ஒடுங்கு பண்பு என்பது அதுதான். அண்ணன் ரத்தம் வெளியே போகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டார்களே, அந்த முடிச்சில்தான் இரண்டு பிசகும் ஒன்று சேர்ந்தது.

பத்து ஐம்பது. இருபத்தாறு நாளைக்கு முன்னால் கம்பெனி இடைவேளையில் போனில் ஒரு செய்தி வந்தது. 'பெரியம்மா, நான் மிருதுளா. உங்க நம்பரை உங்க அண்ணன் வீட்டுல வாங்கினேன். எனக்கும் கௌதம் மாமாவுக்கும் பேசறாங்க. தரணி அண்ணனுக்கு என்ன நோயின்னு யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?' எத்தனை மரியாதை, பார்க்காத அண்ணனுக்கு அண்ணன் என்கிற மரியாதை. கலாமணி படித்தாள், படித்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் போடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் கண்ணு, நான் படிக்காதவ. அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள், பத்தாவதில் தவறின கணக்கு இதற்கு மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. நாச்சிமுத்துவிடம் பிசகு நிச்சயம், ஆகவே மிருதுளாவிடம் இருக்க இரண்டில் ஒன்று. அத்தையிடமிருந்து மகள் வழியாகக் கௌதமுக்கு வந்திருக்க நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருந்தால் பிள்ளைக்கு நாலில் ஒன்று. பெருக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று. சின்னதுதான். ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டால் யாருக்காவது விழத்தானே செய்கிறது. ஒரு ஊசி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயம், இன்றைக்கு வசதி இருக்கிறது. அதைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் தெரிந்த ஆள் இரண்டே பேர், ஒருத்தன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டவன், இன்னொருத்தி கலாமணி. அவன் சொல்லமாட்டான். தாய்க்கு முன்னால் அவன் என்றைக்கு வாய் திறந்தான். நானும் மடித்து வைத்துக்கொள்கிறேன், உனக்கு ஆனதுதான் எனக்கும் என்று இருபத்தாறு நாளாக மனசுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருப்பது பாவமா என்று ஒரு பயமும் நடுநடுவே தலைகாட்டும். அதை அதட்டி உட்கார வைத்துவிடுவாள்.

எழுது, மணியாகிறது. பென்சிலை எடுத்து விடைத்தாளில் மேலே ஒரு கட்டமும் வட்டமும் போட்டாள், தாத்தாவும் பாட்டியும், இருவரில் யார் கொண்டுவந்ததென்று தெரியாது, நடுவில் ஒரு கேள்விக்குறி. கீழே இரண்டு கோடு இறங்கியது, அப்பாவுக்கு ஒரு கட்டம், அத்தைக்கு ஒரு வட்டம். புத்தகத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருப்பார்கள். கலாமணியின் கை பெயரைப் போட்டது. பாவாத்தாள். நெடில் எழுத்துகளைச் சற்றுப் பெரிதாகவே போட்டது. அம்மாவுக்கு வெள்ளை வட்டம், துறையூர் என்று அடியில் எழுதி, வட்டத்தின் ஓரத்தை இரண்டு முறை சுற்றி அழுத்தமாக்கினாள், உள்ளே ஒரு புள்ளிகூட விழாமல். பிறகு அத்தையின் வட்டத்தில் பாதியைக் கறுக்க ஆரம்பித்தாள். நிச்சயம்தானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, பரீட்சைக்குப் படித்த மூளையின் குரல். நாச்சிமுத்துவுக்கு அவன் அப்பன் வழியாகவும் வந்திருக்கலாமே. வரலாம். அந்நியத்திலிருந்து வந்தவரிடமும் இதே அபூர்வப் பிசகு இருந்து, அது இங்கே வந்து பொருந்தியது என்றால், வரலாம், நூற்றில் ஒன்றுக்கும் கீழே. கலாமணி ஒரு கணம் பென்சிலை நிறுத்தி அந்தக் குரலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாள், பிறகு இன்னும் அழுத்திக் கறுத்தாள். எத்தனை வருஷத்துக் கறுப்பு, பென்சில் முனை மழுங்கிவிட்டது. உடம்பெல்லாம் இனித்தது, பொய் சொல்வானேன். அப்பாவுக்கும் தனக்கும் பாதி கறுத்தாள், நாச்சிமுத்துவுக்கும். இரட்டைக் கோடு. கீழே முழுக்கக் கறுத்த சின்னக் கட்டம், அதன் குறுக்கே ஒரு சாய்கோடு, இறந்தவர் என்று அர்த்தம். அந்தச் சாய்கோடு மட்டும் இரண்டு துண்டாகத்தான் வந்தது. பெயர் எழுதினாள்.

நிழல் விழுந்தது. கண்காணிக்க வந்திருந்த கல்லூரிப் பெண், மிஞ்சிப் போனால் முப்பது வயது இருக்கும், குனிந்து பார்த்துக் கிசுகிசுத்தாள். "ஏனுங்கம்மா, இதென்ன பேரெல்லாம் எழுதியிருக்கறீங்க? விடைத்தாள்ல எந்தப் பேரும் வரக் கூடாதுங்க. பேப்பரே செல்லாதுன்னு போட்டுருவாங்க. அடிச்சுட்டு நம்பர் போடுங்க." கலாமணி சரியென்று தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அது நாச்சிமுத்துவின் ஆட்டம் போல இருப்பது உறைத்தது, கழுத்து அப்படியே நின்றது. அந்தப் பெண் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அழிப்பானை எடுத்தாள், பாவாத்தாள் என்பதன் மேல் வைத்தாள், எடுத்துவிட்டாள். வரைபடம் இன்னும் முடியவில்லை. வலதுபக்கம் சுமதிக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே மிருதுளா, இந்தக் கோடியில் நாத்தனார், அவளுக்குக் கீழே கௌதம். இரண்டுக்கும் நடுவில் இரட்டைக் கோடு. அதன் கீழே சாய்சதுரம், ஆணா பெண்ணா என்று தெரியாத, இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்திருக்கிற வடிவம். அதைக் கறுக்கலாமா வேண்டாமா என்று பென்சில் மேலே நின்றது. இந்த இருபத்தாறு நாளும் கலாமணி ஆசையாகப் பார்த்து வந்த காட்சி இதுதான். அத்தையின் மடியில் கொள்ளுப்பேரன், ரெண்டு வயசு, அத்தை அவன் விரலை நீவி விரிக்கிறாள், விட்டதும் மடங்குகிறது. தன் ரத்தம்தான் என்று புரிந்தது அத்தையின் முகத்தில் தெரிகிறது. அங்கேதான் இத்தனை நாளும் படம் நின்றுவிடும், அதற்குமேல் ஓட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு என்னவோ ஓடியது. அத்தை நிமிர்ந்து பார்க்கிறாள், மிருதுளாவைப் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். "உங்கம்மா திருச்செங்கோட்டுக்காரிதான. அந்த ஊர்த் தண்ணி."

அடிப்பாவி என்று கலாமணி சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், மின்வாரியத்துக்காரர் காலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதானே. அந்தக் கிழவிக்கு எங்கே தெரியப்போகிறது. எழுபத்தெட்டு வயசு, அதுவரை இருப்பாளோ மாட்டாளோ, இருந்தாலும் சுமதி ரத்தம் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுவாள். மிருதுளாவைக் கொண்டுபோய் அவள் அப்பன் வீட்டில் விடுவார்கள், அவள் முள் குத்தின விரலை அருவருத்துப் பார்த்துக்கொண்டு பத்து வருஷம் இருப்பாள். பாவாத்தா வெள்ளை வட்டமாகவே போய்ச்சேருவாள், பூப்பல்லக்கில். இருபத்தாறு நாளாகப் பழி என்று நினைத்து அடைகாத்தது இதையா. பழி வாங்கினால் வாங்கப்பட்டவளுக்குத் தெரிய வேண்டாமா. இது அவளுக்குச் செய்கிற ஊழியமல்லவா, அவள் சுத்தமாக இருக்க நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது. இரக்கம் என்றோ நல்ல மனசு என்றோ யாராவது நாளைக்குச் சொன்னால் கலாமணி ஒத்துக்கொள்ளமாட்டாள். அந்தப் பெண்ணின் முகம் அப்போது நினைவுக்கு வரவில்லை, வந்தது அரக்குப் பட்டு மட்டும்தான். மணி பதினொன்று ஐந்து.

எழுந்தாள். பதினொன்றுக்கு மேல் யாரும் போகலாம், விதி அதுதான். மூன்று கேள்வி எழுதியிருந்தாள், எட்டு பாக்கி. "என்னங்கம்மா, முடிச்சுட்டீங்களா? கூடுதல் தாள்கூட வாங்கலியே" என்றாள் அந்தப் பெண். பிறகு தாளைப் பிரித்துப் பார்த்து, "பேரை அடிக்கவே இல்லீங்களே" என்றாள். "இருக்கட்டும் கண்ணு. யாரோ ஒருத்தர் திருத்தறப்போப் படிக்கட்டும்." "ஃபெயிலாயிடுமுங்க." "டிசம்பர்ல எழுதிக்கறேன்." அந்தப் பெண் கேள்வித்தாளையும் வாங்கி வைத்துக்கொண்டாள், பாதியில் போகிறவர்கள் அதைக் கொண்டுபோகக் கூடாதாம். கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தாள் கலாமணி. தாழ்வாரத்தில் பைகள் குவிந்து கிடந்தன, எல்லாம் துணிக்கடைப் பைகள், ஒரே மாதிரி. தன்னுடையதைத் தேடி எடுப்பதற்குள் பதினொன்று பத்து. போனை உயிர்ப்பித்து, அது தன் சவுகரியத்துக்கு விழித்துக்கொள்ளும் வரை தூணில் சாய்ந்து நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அதற்குள்ளேயும் அந்த வேலைக்காரர்கள் கோத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு மணி மாறின அந்தப் பிரதியையும் சேர்த்து.

இரண்டாவது மணியிலேயே மிருதுளா எடுத்தாள். "பெரியம்மா?" பின்னால் கூட்டத்தின் இரைச்சல், யாரோ தட்டைக் கொண்டா என்று கத்துவது, ஒரு குழந்தையின் அழுகை. "கண்ணு, நீ கேட்டதுக்குப் பதில் சொல்லக் கூப்பிட்டேன். லேட்டுத்தான். உப்புச்சக்கரை மாத்தியாச்சா?" "இல்லீங் பெரியம்மா, இப்பத்தான் எல்லாரையும் உக்காரச் சொல்றாங்க." இருபது வயசுக் குரல், எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்த குரல். "அப்பா பக்கத்துல இருக்கறாரா?" "இருக்கறாருங்க." "உங்கப்பத்தா?" "இங்கதான், முன்னால." "போனை ஸ்பீக்கர்ல போட்டு உங்கப்பத்தா கையில குடு. நீயும் அங்கியே நில்லு, நகராத." ஏதோ உரசியது, வளையல் சத்தம். பிறகு இருபத்தொரு வருஷமாகக் கேட்காத அந்தக் குரல், கொஞ்சம் காற்று இறங்கி, ஆனால் அதே தோரணையோடு வந்தது.

"ஆரு கண்ணு போன்ல? இந்நேரத்துக்கு ஆரு?"

"நான் கலாமணிங்க அத்தை" என்றாள். "நிக்காதீங்க, உக்காருங்க. அன்னைக்கு டாக்டர் போட்ட படத்தைப் பத்திச் சொல்றேன். பொறுமையாச் சொல்றேன். புரியலீன்னா மறுக்காவும் சொல்றேன்."